யாழ்ப்பாணத்து வேதக்கோயிலும் தோட்டத் தொழிலாளியும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)



நேற்று சந்தாக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, கைக்காசு என்று பேசினோம். இன்று எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தலைவி கேட்டார்: "நீங்க முருகன் கோயிலுக்குத் தேர் இழுக்கிற ஆளு. நமக்கு எதுக்கு யாழ்ப்பாணத்து வேதக்காரர் கதை?" கேள்வி சரியானதுதான். நான் கிறிஸ்தவன் அல்ல. இந்தச் சங்கத்தில் சைவரும் வேதக்காரரும் இஸ்லாமியரும் ஒரே சந்தாதான் கட்டுகிறோம். யாரையும் மதம் மாற்றப் பேசவில்லை, மதத்தைக் கேலி செய்யவும் பேசவில்லை. ஒரு ஊரில் நிலைத்துவிட்ட ஒரு அமைப்பு அந்த ஊரில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கு என்ன செய்தது, எங்கே தயங்கி நின்றது என்று பார்க்கலாம் என்பதற்காகத்தான் பேசுகிறேன். அந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிறிஸ்தவம் போர்த்துக்கேயர் காலத்திலேயே வந்துவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அது மாறிப் போய், ஆங்கிலேயர் காலத்தில் பல சபைகளாகப் பரவியது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், வெஸ்லியன், ஆங்கிலிக்கன் சபைகள் இன்னொரு பக்கம். நான் அதிகமாகப் பேசப் போவது அமெரிக்க மிஷன் வழி வந்த சபையைப் பற்றி. 1816இல் ஐந்தாறு அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தோடு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினார்கள். கூரை போய், சுவர் மட்டும் நின்ற பழைய போர்த்துக்கேயக் கோயில்களைத் திருத்திக்கொண்டார்கள். அன்றைய ஆங்கிலேய ஆட்சிக்கு அமெரிக்கர் கொழும்பில் இருப்பது பிடிக்கவில்லை, வடக்கே போகட்டும் என்று விட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. எப்படியோ, அந்த வறண்ட மண்ணுக்கு அது வாய்ப்பாகப் போயிற்று.

பள்ளிக்கூடங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி, 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். இதையெல்லாம் யாழ்ப்பாணத்தார் நிறையச் சொல்லிவிட்டார்கள். அதில் படித்து வந்தவர்களில் சிலர்தான் பிறகு நம்முடைய தோட்டங்களுக்குக் கிளாக்கராகவும் டிஸ்பென்சராகவும் டீமேக்கராகவும் வந்தார்கள் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். படிப்பு அவர்களை ஆபீசுக்குள் அனுப்பியது. நம்முடைய தாத்தா பாட்டி பெரட்டுக் களத்தில் நின்றார்கள்.

அங்கே ஒரு வைத்தியர் இருந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கினார். இன்றும் அந்த இடத்தில் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி என்ற பெயர் இருக்கிறது. அவர் முதலில் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் வைத்தியம் படிப்பித்தார். படித்து முடித்தவர்களில் நல்லவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளிக்கு யாரும் மிஞ்சவில்லை. அப்போது அவர் எடுத்த முடிவைக் கவனியுங்கள். 1860களில் அவர் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, பிரசவம், இரசாயனம் என்று புத்தகம் புத்தகமாகத் தமிழாக்கினார்கள். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று பெயர்கள். தமிழ்ச் சொல்லே இல்லாத பொருளுக்கு உட்கார்ந்து சொல் தேடினார்கள். அவர் மட்டுமல்ல, கூட இருந்த மாணவர்களும் பண்டிதர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அவருடைய காலத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வைத்தியம் கற்று வெளியே போனார்கள். அதில் பாதிப் பேராவது தமிழிலேயே படித்தவர்கள்.

அமெரிக்க டாக்டர் என்று கேட்டதும், வெள்ளைக்காரன் செய்த தருமம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. நோயாளிக்குப் புரியாத பாஷையில் வைத்தியம் செய்தால் அது பாதி வைத்தியம்தான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று நம்ம தோட்டத்திலிருந்து ஒரு தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கிளினிக் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் குளிசை காலையில், எந்தக் குளிசை இரவில் என்று தாதியிடம் சைகையில் கேட்கிறாள். கர்ப்பத்தடை ஊசி போடும்போதும், அதைவிடப் பெரிய சத்திர சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும்போதும் அவளுக்கு விளங்குகிற மொழியில் சொன்னார்களா என்று கேட்டால் எத்தனை பேர் ஆம் என்பீர்கள்? அரசியலமைப்பில் தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிறது. பதிமூன்றாவது திருத்தம் 1987இல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அது நுழைவதற்கு ஒரு சங்கம் போய்த் தட்ட வேண்டியிருக்கிறது. இது சந்தாக் கூட்டத்தில் எழுத வேண்டிய கோரிக்கை. சும்மா கதையாகச் சொல்லவில்லை.

இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தனி ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பிரசவங்களுக்காக வந்தது அது. மருத்துவம் படித்த பெண்கள் வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே பல ஆண்டு தங்கினார்கள். ஊர்ப் பெண்கள் தாதிகளாகப் பயிற்சி பெற்றார்கள். நம்ம பிள்ளைமடுவத்தையும் தோட்ட மருத்துவிச்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சாதிக்கு வருகிறேன். இதில்தான் நான் நீண்ட நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் அந்தச் சபையின் விசுவாசம் சோதிக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் சாதி என்பது நம்ம தோட்டத்தில் இருப்பதைவிடக் கட்டுக்கோப்பானது. நம்மிடமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. லயத்தின் இந்தத் தொங்கலில் யார், அந்தத் தொங்கலில் யார் என்று பழைய கங்காணிமார் பிரித்து வைத்தார்கள். ஆனால் அங்கே கோயில், கிணறு, சுடலை, தேத்தண்ணிக் கடை, பள்ளிக்கூட வாங்கு என்று எல்லாவற்றிலும் அது எழுதப்பட்டிருந்தது. கடையில் சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அறுபதுகளில்தான் தேத்தண்ணிக் கடைக்குள் நுழையவும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையவும் பெரிய போராட்டம் நடந்தது. இத்தனைக்கும் 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டது.

அந்தச் சமுதாயத்தில் வந்து, எல்லோரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கிக்கிற ஒரு மதம் என்ன செய்ய வேண்டும்? முதல் நாளே ஒரே பந்தியில் உட்கார்த்தியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்க மிஷனின் முதல் விடுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளாளர் வீட்டுப் பிள்ளைகள். மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தின்னமாட்டோம் என்று அவர்கள் நின்றபோது, வெளியே ஒரு சமையல் கொட்டில் ஏற்பாடாகிற வரைக்கும் பாதிரிமார் இறங்கிப் போனார்கள். பிள்ளை வராமல் போய்விடுவான் என்ற பயம். பிறகு மெல்ல மெல்ல அதை உள்ளே கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கப் பக்கத்திலும் கரையோர ஊர்களில் இன்ன கோயில் இன்ன சாதியாருடையது என்று நெடுங்காலம் இருந்தது. இது அவர்களுடைய சொந்த வரலாற்றாசிரியர்களும் சொல்கிற விஷயம்தான்.

மறுபக்கமும் உண்டு. யாழ்ப்பாணப் பட்டணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1847இல் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டார். மேல்சாதிப் பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள். பையனை அனுப்பிவிட்டால் எல்லோரும் திரும்பி வருவார்கள். பேர்சிவல் அனுப்பவில்லை. அந்தப் பையனின் பெயர் நமக்கு வரவில்லை பாருங்கள். பாதிரியாரின் பெயர் வந்திருக்கிறது, வெளியேறிய குடும்பங்களின் பேரன்மாருடைய பெயர்கள் வந்திருக்கின்றன. வெறும் வாங்குகளுக்கு நடுவில் அவன் ஒருத்தன் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

எண்பது வருடம் கழித்து அதே பிரச்சினை திரும்ப வந்தது. 1929, 1930இல் உதவி நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று கல்விப் பகுதி கட்டளையிட்டது. அதுவரைக்கும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தரையில் அல்லது வெளியே. சம ஆசனத்தோடு சம போசனமும் கேட்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, மனுக்கள் போயின, சில பள்ளிக் கொட்டில்கள் தீயில் எரிந்தன. இந்தச் சண்டையில் சமத்துவத்தின் பக்கம் நின்றவர்கள் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் இளைஞர்கள். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஹண்டி பேரின்பநாயகம்.

இந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். 1899இல் மானிப்பாயில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் சபையில் வளர்ந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியரானவர். 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய இயக்கம் அது. முதல் மாநாட்டிலேயே தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் எடுத்தார்கள். சைவப் பையன்களும் வேதக்காரப் பையன்களும் ஒன்றாக இருந்தார்கள், சிங்கள, முஸ்லிம் பேச்சாளர்களை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததில் முன்னின்றவர்கள் இவர்கள். அந்தப் பயணத்தில்தான் காந்தி மலையகத்துக்கும் வந்தார். காந்தி வந்த கதையை நம்ம பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள்.

பேரின்பநாயகம் ஒரு தொழிற்சங்கவாதியும்கூட. வட மாகாண ஆசிரியர் சங்கத்திலும் அகில இலங்கை ஆசிரியர் சங்கத்திலும் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இலவசக் கல்வியை ஆதரித்துப் பேசினார். அந்த நேரம் பணம் வாங்கிப் படிப்பித்த பெரிய பள்ளிகள் பல அதை விரும்பவில்லை என்பதை ஞாபகம் வையுங்கள். 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரி அவரை அதிபராக எடுத்தது, 1960 வரை இருந்தார். ஒரு வேதக்காரரை ஒரு இந்துக் கல்லூரி தன் தலைமைக்கு அழைத்தது என்றால் அந்த ஊர் அந்த மனிதரிடம் எதைக் கண்டிருக்கும்? அவர் பைபிளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆசிரியர் சம்பளம், ஏழைப் பிள்ளையின் வாங்கு, சாதியில்லாத பந்தி என்று போனார். கோயிலில் கேட்டதை வெளியே செய்தார் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அவரைப் போல எத்தனை பேர் இருந்தார்கள் என்றால், குறைவுதான். சபையில் பெரும்பாலானவர்கள் உத்தியோகம் பார்த்து, காணி வாங்கி, சீதனம் கொடுத்து, சொந்தச் சாதிக்குள் கலியாணம் முடித்தார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் நான் பிரசங்கம் செய்தவனாகிவிடுவேன்.

அடுத்தது நேரடியாக நம்முடைய வயிற்றில் கை வைத்த விஷயம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மற்றத் தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இன்னும் இரண்டு சட்டம்: ஒன்று விண்ணப்பித்துத்தான் பிரஜையாக வேண்டும் என்றது, மற்றது வாக்குரிமையைப் பறித்தது. 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. 1952 பாராளுமன்றத்தில் நமக்காக ஒரு ஆசனமும் இல்லை. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆடு மாடு போலப் பங்கு பிரித்தது. அந்தக் கதை உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. தலைமன்னார் ரயிலில் அழுதுகொண்டே போன அத்தை, மாமா இல்லாத குடும்பம் நம்மிடம் இல்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்கள் அன்று என்ன செய்தார்கள்? முதல் சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ், அரசாங்கத்தில் சேர்ந்து தலைவருக்கு மந்திரிப் பதவி கிடைத்தபின் அடுத்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. கட்சிக்குள் இருந்தே அதை ஏற்க மறுத்து வெளியே வந்தவர்களில் முதன்மையானவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். இன்று தோட்டத் தமிழனுக்கு விழுகிற அடி நாளைக்கு நமக்கும் விழும் என்ற கருத்தை அவர் சொன்னார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அவர் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தாயின் ஊரான தெல்லிப்பழையில் வளர்ந்தவர். அதே அமெரிக்க மிஷன் தெல்லிப்பழை. யூனியன் கல்லூரியில் படித்தவர், கடைசிவரைக்கும் கிறிஸ்தவர். காங்கேசன்துறைத் தொகுதியில் பெரும்பான்மை சைவர்கள். 1952இல் அவர் தோற்றார். தோட்டத்தாருக்காகப் பேசியதால் அங்கே அவருக்கு ஒரு வாக்கும் கூடவில்லை, நம்மிடமோ கொடுக்க வாக்கே இல்லை. 1956இல் அந்தச் சைவ மக்களே அவரைத் திரும்ப அனுப்பினார்கள், இறக்கும்வரை தந்தை என்றார்கள்.

அவருடைய அரசியலை முழுவதும் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சங்கத்தின் பழைய தலைவர்களுக்கும் அவருடைய கட்சிக்கும் எத்தனையோ சண்டை. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு மலையகத் தலைமை சேர்ந்து போகவில்லை, அதற்கு நமக்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் கையில் எந்த லாபமும் இல்லாத நேரத்தில், தன்னைவிடக் கீழே தள்ளப்பட்டவனுக்காகப் பதவியை விட்டு எழுந்து போன ஒரு ஆள் என்பது நமக்கு நல்ல கணக்கு. அந்த எழுந்து போதலில் அவர் சிறுவயதில் தெல்லிப்பழைக் கோயிலில் கேட்டதற்குப் பங்கு இருந்ததா என்று என்னைக் கேட்டால், இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதே கோயிலில் அதே பிரசங்கம் கேட்ட பலர் யூ.என்.பி. மேடையில் ஏறினார்கள் என்பதும் உண்மை.

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்ம சனம் வடக்கே போனது உங்களுக்குத் தெரியும். வவுனியா, கிளிநொச்சிக் காடுகளில் கொட்டில் போட்டுக் குடியேறினார்கள். காந்தீயம் அமைப்பு அவர்களோடு வேலை செய்தது. அதை நடத்திய டாக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் அகதிகளோடு நின்ற குருமார் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். மன்னார் மாவட்டத்தில் 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 1985 ஜனவரியில் வங்காலையில் மேரி பஸ்தியான் சுவாமி. இது குடாநாட்டுக்கு வெளியே நடந்தது, ஆனாலும் சொல்லாமல் கடக்க முடியவில்லை.

குடாநாட்டுக்குள் நவாலி. 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வலிகாமத்தில் இராணுவம் முன்னேறத் தொடங்கியது, 'முன்னேறிப் பாய்தல்' என்று பெயர் வைத்தார்கள். வட்டுக்கோட்டை, சண்டிலிப்பாய்ப் பக்கத்திலிருந்து சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நவாலிப் பக்கம் ஓடியது. புனித பேதுருவானவர் ஆலயம் கதவைத் திறந்து விட்டது. வந்தவர்களில் பெரும்பகுதி சைவர்கள். கோயில் வளவிலும், பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும், அருகே இருந்த முருகன் கோயிலிலும் இருந்தார்கள், களைத்துப்போனவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் விமானம் வந்து குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. செஞ்சிலுவைச் சங்கம் அன்று பார்த்ததை வெளியே சொன்னபோது அரசாங்கம் அவர்கள் மீது கோபப்பட்டது. யாரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. அந்தக் கோயில் வருடா வருடம் ஜூலை 9இல் செத்தவர்களை நினைக்கிறது. அந்தப் பெயர்ப் பட்டியலில் எந்த மதம் என்று பிரித்து வாசிப்பதில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. மழையில், ஒரே பாதையில், இலட்சக்கணக்கான சனம். சாவகச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த கோயில், சைவக் கோயில், பள்ளி எல்லாம் வீடுகளாயின. 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டியில் பிலிப் நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. அந்தப் பங்கின் குரு ஜிம் பிறவுண் சுவாமி, காயப்பட்டவர்களை வெளியே கொண்டுபோக முயன்றவர், சில நாளில் காணாமல் போனார். இன்றுவரை காணவில்லை.

வீரக்கதை என்று சொல்லி உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. கதவைத் திறப்பது பேச்சல்ல, அதற்கு விலை உண்டு என்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது நான் யாழ்ப்பாணத்து வேதக்கோயில்களிடம் கேட்க நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். இந்த உரை அச்சில் வந்து அங்கே ஒரு போதகரோ சுவாமியோ வாசித்தால் எனக்குச் சந்தோசம். ஐயாமாரே, நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு நின்றார்கள். பத்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். படிப்பிக்கிறோம், சாப்பாடு தருகிறோம் என்று தரகர் வந்து கூட்டிப் போனார். படிப்பிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை உடுப்பும், தாய்க்குக் கொஞ்சப் பணமும். சிலர் திரும்பி வந்தபோது யார் தாய் என்று தெரியவில்லை. அந்த வீடுகளில் சைவ வீடுகளும் இருந்தன, ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போகிற வீடுகளும் இருந்தன. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை நாம் அங்கே இரண்டு வீட்டிலும் கேட்டோம். வன்னியில் காணி பிரித்தபோது நம்ம ஆட்களுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீர் வராத கடைசித் துண்டு. போர்க்காலத்தில் எல்லைக் கிராமங்களில் முன்னால் நின்றவர்களும் அவர்கள்தான். சபைகள் இதைப் பற்றி எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தன?

கோபத்தில் கேட்கவில்லை. கேட்கக்கூடிய உறவு இருக்கிறது என்பதால் கேட்கிறேன். 2023இல் நாம் இங்கே வந்து 200 வருடம் ஆனதற்கு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்ம மூதாதையர் நடந்த வழியிலேயே ஜூலைக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் 12வரை நடந்தோமே, அதை ஒழுங்கு செய்தவர்களில் தேசிய கிறிஸ்தவ மன்றத்துக்காரர் முன்னால் இருந்தார்கள். கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் தொடங்கிய சத்தியோதயம் தோட்டத்தாருக்காக எழுதிய அறிக்கைகள் நம்ம சங்க அலுமாரியிலும் இருக்கின்றன. 1958இல் தொடங்கிய கிறிஸ்தவ தொழிலாளர் தோழமைக்காரர் மே தினத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோனவர்கள். வடக்கிலும் இப்போது இளம் குருமார் சிலர் தமிழ், சிங்களம் என்று பார்க்காமல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு நடுரோட்டில் உட்கார்கிறார்கள். ஆள் இருக்கிறார்கள். பேச வேண்டும்.

நம்மிடமும் அதே கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னேன். நம்ம சங்கத்தின் கடைசி வரிசையில் யார் நிற்கிறார்? பேருக்கு வராத கைக்காசுக்காரி. ஓய்வு பெற்றும் லயக் காம்பராவை விட்டுப் போக இடமில்லாத கிழவர். கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடைக்கும் போன பதினாறு வயசுப் பிள்ளை. அவன் சந்தா கட்டுவதில்லை, அதனால் நம்ம புத்தகத்தில் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளைக் குறை சொல்கிற நாம், தரகருக்கு லயத்து வாசலைக் காட்டியது யார் என்றும் பார்க்க வேண்டும். சில இடத்தில் நம்ம தோட்டத்து ஆட்களே. கமிட்டிக்கும் தெரிந்திருந்தது.

ஆகையால் இந்த வகுப்பு முடிந்து போகும்போது ஒரு வேலை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் டிவிசன் வாரியாக ஒரு கொப்பி போடுங்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே வேலைக்கு வெளியே போயிருக்கிற பிள்ளைகள் யார், எந்த ஊர், யார் கூட்டிப் போனது, கடைசியாக எப்போது பேசினார்கள். தாய் தகப்பனைக் குற்றவாளி ஆக்கிக் கேட்காதீர்கள், மாதர் தலைவி தனியாகப் போய்க் கேட்கட்டும். அதோடு இரண்டாவது பக்கத்தில், ஆஸ்பத்திரியில் மொழிப் பிரச்சினை வந்த சம்பவங்களை நாள், வார்டு போட்டு எழுதுங்கள். தோட்டத்திலோ பக்கத்து டவுனிலோ வேதக்கோயில் இருந்தால் அங்குள்ள போதகரையும் சுவாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வடக்கிலும் ஆட்கள் உண்டு, நமக்கு எட்டாத வீட்டுக் கதவை அவர்களால் தட்ட முடியும். கோயில் ஐயரையும் பள்ளிவாசல் மௌலவியையும் கேளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். தேத்தண்ணி வந்துவிட்டது, கேள்விகள் இருந்தால் குடித்துக்கொண்டே பேசலாம்.